குண்டு வைத்தவனைப் பிடித்தது எந்தச் சட்டம்?

கோபிச்செட்டிபாளையத்தில் முதுகலை படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்: “பயங்கரவாதத்தை ஒடுக்கக் கடுமையான சட்டம் வேண்டாமா? ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) மாதிரி சட்டங்களை எதிர்ப்பவர்கள் குண்டு வைக்கிறவனுக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்கிறார் என் அப்பா. 98ல் கோவையில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். வகுப்பிலோ, பயங்கரவாதம் என்பதே அதிகாரத்தில் இருப்பவர்கள் வைக்கிற பெயர் என்கிறார்கள். எது சரி?”

உங்கள் அப்பா பார்த்ததை நானும் பார்த்தேன், தம்பி. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1998 பிப்ரவரி 14, இரண்டாம் சனிக்கிழமை, கோர்ட் விடுமுறை. ஜூனியர் வக்கீலுக்கு ஏது விடுமுறை? கோபாலபுரத்தில் சீனியரின் ஆபீசில் உட்கார்ந்து திங்கட்கிழமைக்கான கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாலு மணி வாக்கில் தூரத்தில் ஒரு சத்தம். தேர்தல் நேரம், ஆர்.எஸ்.புரத்தில் அத்வானி பேச வருகிறார், கட்சிக்காரர்கள் வேட்டுப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். அப்புறம் இன்னொன்று, வேறு திசையிலிருந்து. மூன்றாவது கேட்டபோது கீழே டீக்கடைக்காரர் பாதி டீ ஆற்றிய டபராவை அப்படியே வைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார். அன்றைக்குப் பதினோரு இடங்களில் பன்னிரண்டு குண்டுகள். 58 பேர் செத்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். அரசு ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்கவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு நடந்தே போனேன். வழியில் ஒரு தெருநாய்கூடக் குரைக்கவில்லை. உங்கள் அப்பாவின் கோபம் எனக்கு நன்றாகவே புரியும்.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்த வழக்கு எந்தப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் நடந்தது?

பலருக்கும் தெரியாது. எதிலும் நடக்கவில்லை என்பதுதான் பதில். பயங்கரவாதத்துக்கென்றே போட்ட தடா சட்டம் 1995 மே மாதமே காலாவதியாகிவிட்டது. அதே வகையான பொடா வந்தது 2002ல். கோவைக் குண்டுவெடிப்பு நடந்தபோது நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டமே நடைமுறையில் இல்லை. (ஊபா 1967லேயே உண்டு, ஆனால் அன்றைக்கு அது சட்டவிரோத அமைப்புகளைத் தடை செய்யும் சட்டம், பயங்கரவாதம் என்ற அத்தியாயம் அதில் 2004ல்தான் ஏறியது.) ஆக இந்திய தண்டனைச் சட்டம், வெடிபொருள் சட்டம், ஆயுதச் சட்டம், பழைய சாட்சியச் சட்டம் இவற்றை வைத்துத்தான் வழக்கு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்ற பழைய விதி அப்படியே இருந்தது. வெடிமருந்து எங்கே வாங்கினார்கள், எந்த வீட்டில் வைத்தார்கள், யார் வண்டியில் கொண்டுபோனார்கள் என்று ஒவ்வொன்றையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 1,300 சாட்சிகள் வரை கூண்டேறினார்கள். தனி நீதிமன்றம் 2007ல் தீர்ப்புச் சொன்னது: 166 பேரில் 158 பேர் குற்றவாளிகள், 8 பேர் விடுதலை. 43 பேருக்கு ஆயுள். பிறகு 2009ல் உயர் நீதிமன்றம் 18 பேரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்து 22 பேரை விடுவித்தது.

சாதாரணச் சட்டம் என்றதும் பூப்போட்டு நடத்தினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஜாமீன் இல்லை. விடுதலையான எட்டுப் பேரில் ஒருவரான கேரளத்து அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார். நிரபராதி என்று தெரிய ஒன்பது வருஷம். அந்தக் கணக்கை யாரும் திருப்பித் தரவில்லை. இருந்தாலும் ஒன்று நிற்கிறது: தென்னிந்தியாவின் மிகப் பெரிய குண்டுவெடிப்பு வழக்கில், தனிச் சட்டம் ஏதும் இல்லாமலே, குற்றம் நிரூபிக்கப்பட்டது.

இப்போது பண்ணாரி வழியாக மேலே ஏறுவோம். திம்பம் கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தேழு, அதைத் தாண்டினால் தாளவாடி. என் அப்புச்சி ஊர் சத்தி பக்கம் என்பதால் சின்ன வயதிலிருந்து பழக்கப்பட்ட பாதை. வீரப்பன் காலத்தில் இந்த மலைகளில் நடந்தது தடா ஆட்சி.

1993 ஏப்ரல் 9ந் தேதி பாலாறு அருகே வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் போலீஸ்காரர்கள், வனக்காவலர்கள், வழிகாட்டப் போனவர்கள் என்று 22 பேர் செத்தார்கள். அது பச்சைப் படுகொலை, அதில் இரண்டு பேச்சில்லை. அதன் பிறகு இரு மாநில அதிரடிப்படைகளும் மலைக்கிராமங்களுக்குள் இறங்கின. கர்நாடகப் போலீஸ் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தடாவில் பிடித்து மைசூர் ஜெயிலில் அடைத்தது. அதில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிற ஏழைகள், விறகு வெட்டியவர்கள், ஆடு மேய்த்தவர்கள்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2000 ஜூலை 30ந் தேதி ராத்திரி, தாளவாடி அருகே தொட்டகாஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் தூக்கிப் போனார். 108 நாள் காட்டில். அவர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, மைசூர்த் தடாக் கைதிகளை விட வேண்டும் என்பது. ஏழு ஆண்டுகளாக ‘பயங்கரமான ஆட்கள், ஜாமீனே கூடாது’ என்று சொல்லிவந்த அதே அரசு, ஒரு நடிகருக்காகத் தடாக் குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்க மனுப் போட்டது! வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டரின் தந்தை உச்ச நீதிமன்றம் போய்த்தான் அதைத் தடுத்தார். அந்த முதியவரின் வாதம் எளிமையானது. குற்றவாளிகள் என்றால் விடாதே, குற்றமில்லை என்றால் இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய்?

அதற்கு 2001 செப்டம்பரில் மைசூர் தனி நீதிமன்றம் பதில் சொன்னது. 14 பேருக்குத் தண்டனை. 109 பேர் விடுதலை.

இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் பதிலின் கழுத்தும் தலையும் இதுதான். தனிச் சட்டம் இல்லாத கோவையில் 166க்கு 158. தனிச் சட்டம் இருந்த மைசூரில் 123க்கு 14. இரண்டும் நம்ம பக்கத்து வழக்குகள், ஏறக்குறைய ஒரே பத்தாண்டு. ஒன்றில் சாட்சியைத் தேட வேண்டியிருந்தது, தேடினார்கள். இன்னொன்றில் ஆளைப் பிடித்து ஜாமீன் இல்லாமல் வைத்திருக்கச் சட்டமே வழி கொடுத்தது, அப்புறம் எதற்குத் தேட வேண்டும்? நாடு முழுவதும் தடாவின் கதை இதுதான். 76,000 பேருக்கு மேல் பிடித்தார்கள், தண்டனை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

கடம்பூர் மலையில் ஒரு பெரியவர், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நிலத் தகராறுக்காக என்னிடம் வந்தவர். பேச்சுவாக்கில் சொன்னார்: “அரிசி வாங்கறதுக்கே கணக்குச் சொல்லோணுங்க. பத்துக் கிலோ வாங்கினா ஊட்ல எத்தன பேருன்னு கேப்பாங்க. மருமவ பேறுகாலத்துக்கு வந்திருந்தா, ஆளு சேந்துச்சுங்கன்னேன். எந்த ஆளுன்னு அடிச்சாங்க.” வலது கை நடுவிரல் அவருக்கு மடங்காது. ரேஷன் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேல்சட்டைப் பையில் வைத்திருந்தார். நிலத் தகராறுக்கு ரேஷன் கார்டு தேவையில்லையே என்றேன். இருக்கட்டுங்க என்றார்.

மாதேஸ்வரன் மலையில் ‘வொர்க்‌ஷாப்’ என்று ஓர் இடத்துக்குப் பெயர். வண்டி பழுது பார்க்கிற இடம் இல்லை, ஆட்களை விசாரிக்கிற இடம். தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்துக் கிராமத்தாரின் வாக்குமூலங்களை வாங்கியது. கரண்ட் வைத்தது முதல் பெண்களுக்கு நேர்ந்தது வரை பதிவானது. அந்தக் குழுவின் அறிக்கையை வைத்து 2007ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது ஆணையம். கடைசியில் வீரப்பன் எப்படி முடிந்தார்? 2004 அக்டோபர் 18, பாப்பாரப்பட்டி. மாதக்கணக்கில் மாறுவேடத்தில் ஆளைப் புகுத்தி, நம்பவைத்து, கண் சிகிச்சைக்கு என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே கொண்டுவந்து சுட்டார்கள். அவரை உயிரோடு பிடித்திருக்க முடியாதா என்ற கேள்வி தனி. நான் சொல்ல வருவது, அவரைக் காட்டை விட்டு வெளியே கொண்டுவந்தது உளவு வேலை. கடம்பூர்ப் பெரியவரின் விரல் எதற்கும் பயன்படவில்லை.

சரி, உங்கள் வகுப்பில் சொல்வதற்கு வருகிறேன்.

பயங்கரவாதம் என்றால் என்ன என்று உலகம் இன்னும் ஒத்துக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. ஐ.நா.வில் 1996ல் ஒரு குழு போட்டார்கள், பொதுவான ஒப்பந்தம் இன்றுவரை முடியவில்லை. அலெக்ஸ் ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1980களிலேயே 109 வரையறைகளைத் திரட்டி வைத்தார். வரையறை இல்லாமலே 2001 செப்டம்பர் 28ல் பாதுகாப்பு அவை 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, எல்லா நாடும் பயங்கரவாதத்துக்கு எதிராகச் சட்டம் போடு என்றது. என்னவென்று சொல்லாமல் தடு என்றால் ஒவ்வொரு அரசும் தனக்குப் பிடிக்காததைத் தடுக்கும். அமெரிக்க இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு பிரிட்டனில் ரிச்சர்ட் ஜாக்சன் முதலானோர் இதையே ஆய்வுப் பொருளாக எடுத்து, 2008ல் இதற்கென்று ஓர் ஆய்விதழும் தொடங்கினார்கள். அவர்களின் கேள்வி: ஒரு செயலைப் பயங்கரவாதம் என்று அழைக்கும் உரிமை யாருக்கு, அந்தப் பெயரால் யாருக்கு லாபம்?

தமிழில் இந்தக் குழப்பம் இன்னொரு படி அதிகம். தீவிரவாதம் வேறு, பயங்கரவாதம் வேறு. ஒருவர் தீவிரமான கருத்து வைத்திருப்பது குற்றமாகாது. நம் பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகின்றன. ‘தீவிரவாதி கைது’ என்ற தலைப்பைப் பார்த்ததும் நாம் குண்டைத்தான் நினைக்கிறோம். உள்ளே படித்தால் நாலு புத்தகமும் ஒரு துண்டுப் பிரசுரமும் இருக்கும்.

நம்ம ஊர் உதாரணம் வைத்தே பார்க்கலாம். 1942 ஆகஸ்டில் சூலூர் விமான தளத்துக்குக் கோவைப் பக்கத்து இளைஞர்கள் தீ வைத்தார்கள். யுத்த காலம், அது ராணுவம் பயன்படுத்திய தளம். லாரிகளும் கொட்டகைகளும் எரிந்தன. இன்றைய ஊபாவின் 15ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள்: தீப்பற்றும் பொருள் கொண்டு, நாட்டின் பாதுகாப்புக்குப் பயன்படும் சொத்தை அழிப்பது, அரசைப் பணிய வைக்க முயல்வது. வரிக்கு வரி பொருந்தும். நாம் அவர்களைத் தியாகிகள் என்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். அன்றைய கலெக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். இன்னும் பின்னால் போனால் 1805ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை கம்பெனிக்காரனுக்குக் கலகக்காரன். ஆடிப் பதினெட்டுக்கு நாம் மாலை போடுகிறோம்.

பெயர் மாறுவதற்கு இருநூறு வருஷம் வேண்டியதில்லை, பத்து வருஷமே போதும். மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். 1980களில் அங்கே விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. ஒளிவு மறைவு இல்லை. அரசுக்குத் தெரியும், மத்திய உளவுத்துறையே வேறு முகாம்களில் ஈழ இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்த காலம். ஊர்க்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள், மாட்டுவண்டி கொடுத்தார்கள். 1991 மே மாதம் ராஜீவ் கொலை, 1992ல் தடை. அதற்கப்புறம் அந்தக் காய்கறியைப் பற்றிப் பேசுவதே ஆபத்து. ராஜீவ் கொலை கொடூரம்தான், அதைச் செய்தவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வழக்கும் தடாவில்தான் நடந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் ஒட்டுமொத்தமாகத் தூக்குத் தண்டனை கொடுத்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது, நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்தது, மூவருக்கு ஆயுளாக்கியது. அது மட்டுமா, இது தடாக் குற்றமே அல்ல என்றும் சொன்னது. சொல்லிவிட்டு, தடாவில் எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது! அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி, அவர் சொன்ன ஒரு முக்கியமான வாக்கியத்தை எழுதாமல் விட்டதாக 2013ல் தானே ஒப்புக்கொண்டார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2022 மே மாதம்.

அப்புறம் இன்னொரு பக்கம். எது பயங்கரவாதம் இல்லை என்பதையும் இந்தப் பெயர்தான் முடிவு செய்கிறது. 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தன மரம் தேடுகிறோம் என்று போன வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்தார்கள். 269 பேர் மேல் வழக்கு. 2011ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு கிராமத்தை நடுங்கவைத்து வழிக்குக் கொண்டுவருவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யாரும் அதைப் பயங்கரவாதம் என்று சொல்லவில்லை. கோவையிலும் அதே கதைதான். 1997 நவம்பர் 29ல் உக்கடத்தில் ஒரு போலீஸ்காரரைக் குத்திக் கொன்றார்கள். அடுத்த இரண்டு நாளில் கடைகள் சூறை, துப்பாக்கிச் சூடு, 18 முஸ்லிம்கள் சாவு. அதற்குப் பெயர் கலவரம். பிப்ரவரியில் நடந்ததற்குப் பெயர் பயங்கரவாதம். 58 உயிருக்கு 18 உயிர் எந்த விதத்திலும் நியாயம் ஆகாது, நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டில் எதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், எதை மறந்தே போனோம் என்று பாருங்கள்.

இந்த இடத்தில் என் பக்கத்து ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. சில விமர்சகர்கள் பேசுவதைக் கேட்டால், அரசு செய்தது, ஊடகம் செய்தது, வரையறை செய்தது என்று எல்லாம் இருக்கும், குண்டு வைத்தவன் மட்டும் காணாமல் போயிருப்பான். பிப்ரவரி 14ந் தேதி ஆர்.எஸ்.புரத்தில் செத்தவர்களை ஒரு சொல்லாடல் கொல்லவில்லை. உங்கள் வகுப்பில் ‘அது வெறும் பெயர்’ என்று யாராவது சொன்னால் அங்கே எழுந்து நில்லுங்கள். ராஜாவோ புரட்சிக்காரனோ மதவெறியனோ, சம்பந்தமில்லாத ஜனங்களைக் கொன்று மற்றவர்களைப் பயமுறுத்துவது என்று ஒரு செயல் இருக்கிறது. அது குற்றம். அந்தப் பெயரை யார் செய்தாலும் வை என்பதுதான் நியாயமான விமர்சனம். பெயரே வேண்டாம் என்பது நழுவல்.

சட்டத்துக்குத் திரும்புவோம். தடா, பொடா என்று கேட்டாலே திண்ணையில் இரண்டு பையன்கள் சண்டை போடுவது போல இருக்கும், ஆனால் அவற்றுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஆயுசு குறிப்பிட்டிருந்தது. நாடாளுமன்றம் நீட்டாவிட்டால் செத்துவிடும். பொடாவைக் கொண்டுவந்தபோது ஆதரித்த கட்சிகளில் வைகோவின் ம.தி.மு.க.வும் ஒன்று. சில மாதங்களிலேயே, திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று அவரையே அதில் பிடித்து 19 மாதம் வேலூர் ஜெயிலில் போட்டார்கள். தான் கட்டிய பட்டியில் தானே அடைபட்ட கதை. வீரப்பனிடம் தூது போன நக்கீரன் கோபாலும் பொடாவில் உள்ளே போனார். ஊரெங்கும் எதிர்ப்புக் கிளம்பி 2004ல் பொடாவை எடுத்தார்கள். எடுத்த கையோடு அதன் முக்கியமான பிரிவுகளை ஊபாவுக்குள் ஏற்றிவிட்டார்கள். ஊபாவுக்குக் காலாவதி கிடையாது. இலங்கைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே 1979ல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982ல் நிரந்தரமாகி உட்கார்ந்துகொண்டது.

ஊபாவில் கைதாகி ஒருவர் என்னிடம் வந்தால் நடைமுறை இது. மற்ற வழக்குகளில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. இதில் 180 நாள்வரை இழுக்கலாம். அதன்பிறகு 43டி பிரிவு: போலீஸ் கொடுத்த காகிதத்தைப் படித்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தால் ஜட்ஜ் ஜாமீன் தரக் கூடாது. அந்தக் காகிதத்தை ஆழமாகச் சோதிக்கவும் கூடாது என்று 2019ல் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குறுக்கு விசாரணை இல்லாமல், ஒரு தரப்பு எழுதியதை வைத்து ஒரு தரப்பை உள்ளே வைப்பது. வழக்கு ஒரேயடியாக இழுத்தால் ஜாமீன் தரலாம் என்று 2021ல் நஜீப் வழக்கில் ஒரு சந்து திறந்தது. அந்தச் சந்து திறக்கும் முன் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் இருந்துவிட்டார்கள். திருச்சிப் பக்கத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சாமி, 84 வயது, நடுக்கு வாதம். தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழல் வேண்டும் என்று மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் காவலில் இருந்தபடியே ஆஸ்பத்திரியில் செத்தார். விசாரணையே தொடங்கவில்லை.

2016 முதல் 2019 வரை ஊபாவில் கைதானவர்கள் 5,922, அதே காலத்தில் தண்டனை பெற்றவர்கள் 132 என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. இதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும்: வழக்குகள் இழுப்பதால் கைதானவர்களும் தண்டனை பெற்றவர்களும் அதே ஆட்கள் இல்லை. அப்படியே தள்ளிக் கழித்தாலும் இடைவெளி மிக அதிகம். 2019 திருத்தத்தில் அமைப்பு மட்டும் அல்ல, தனி மனிதரையே தீர்ப்பு எதுவும் இல்லாமல் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவு பயங்கரவாதத்தைச் சாதாரணக் குற்றச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஒரே செயலுக்கு ஊபாவா, 113ஆ என்று தீர்மானிப்பவர் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி. எதை வைத்துத் தீர்மானிப்பார் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை.

“இருந்தாலும் பயத்துக்காவது ஒரு சட்டம் வேண்டாமா” என்பார் உங்கள் அப்பா. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை, உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசலில் ஒரு கார் வெடித்தது. உள்ளே கேஸ் சிலிண்டர். ஓட்டி வந்தவர் செத்தார், வீட்டில் 75 கிலோ வெடிமருந்துப் பொருட்கள் கிடைத்தன. கோயிலில் கூட்டம் இருக்கிற நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அப்போது ஊபா முழுப் பலத்தோடு இருந்தது. என்.ஐ.ஏ. என்ற தேசியப் புலனாய்வு முகமை இருந்தது. அதே ஆளை 2019ல் ஒருமுறை விசாரித்தும் இருந்தார்கள். சட்டம் போதாமல் அவர் தப்பவில்லை. விசாரித்த ஆளை அதன்பின் யாரும் கண்ணில் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையத்தில் புதுப் போலீஸ் ஸ்டேஷன் அறிவித்தார்கள். அது எனக்குச் சரியாகவே பட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால் ஜனங்கள் படியேறுவார்கள். அந்த வாரங்களில் ஜமாத்காரர்கள் அந்தக் கோயிலுக்கே போய் நிர்வாகத்தாரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்ததையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடி போட்டு, பால் வாங்கப் போகிறவனையும் நிறுத்திப் பை பார்த்த காலத்தில் இப்படி ஒரு போக்குவரத்து நினைக்க முடியாதது.

என்னிடம் ஜூனியராக இருந்த ஒரு முஸ்லிம் பெண் சாயிபாபா காலனியில் வாடகைக்கு வீடு தேடினார். டூ-லெட் பலகையில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டால் முதலில் “எத்தன பேருங்க, வெஜ்ஜா நான்வெஜ்ஜா” எல்லாம் இதமாகத்தான் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் “அடடா, நேத்தே ஒருத்தங்க அட்வான்ஸ் குடுத்துட்டாங்களே அம்மிணி” என்றார்கள். ஒரே வாரத்தில் ஆறு வீட்டுக்கு நேற்றே அட்வான்ஸ். கடைசியில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கரும்புக்கடையில் போய்க் குடியேறினார். அப்புறம் அதே ஆட்கள், “இவங்க ஏன் ஒரே எடத்துல கூடிக்கறாங்க” என்பார்கள். நாளைக்கு அந்தத் தெருவில் சந்தேகமாக ஒருவன் வந்து தங்கினால் அந்தப் பெண் போலீஸுக்குப் போன் செய்வாரா? செய்தால் முதலில் தன்னைத்தான் விசாரிப்பார்கள் என்று பயந்தால் செய்வாரா? கடம்பூர்ப் பெரியவர் ஒருகாலத்தில் வீரப்பன் போன தடத்தைப் பார்த்திருந்தாலும் வாய் திறந்திருப்பாரா?

இது என் கற்பனை மட்டும் இல்லை. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம், யாருக்கும் இடதுசாரி என்று சொல்ல வராத நிறுவனம், 1968 முதல் 2006 வரை இருந்த 648 பயங்கரவாதக் குழுக்களை எடுத்து 2008ல் ஒரு கணக்குப் போட்டது. முடிந்துபோன குழுக்களில் 43 சதவீதம் அரசியல் வழிக்கு வந்து முடிந்தன, 40 சதவீதம் உள்ளூர்ப் போலீஸ், உளவு வேலையால். ராணுவ பலத்தால் முடிந்தது 7 சதவீதம்தான். ஆனால் செலவு எதில் ஆனது? பிரவுன் பல்கலைக்கழகத்தார் போட்ட கணக்குப்படி 2001க்குப் பிந்தைய போர்களுக்கு அமெரிக்காவின் செலவு 8 லட்சம் கோடி டாலர்.

ஆக உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லும் பதில்: கடுமை வேண்டும், சரி, ஆனால் அதை விசாரணையில் காட்டட்டும், ஜாமீனில் வேண்டாம். ஊபாவில் நான் மாற்றச் சொல்வது மூன்றே விஷயம். 43டியின் ஜாமீன் தடையை எடுத்துவிட்டு, ஆபத்தானவர் என்று போலீஸ் சாட்சியோடு காட்டினால் மட்டும் ஜட்ஜ் மறுக்கட்டும். தடாவுக்கு இருந்தது போல ஒரு காலாவதித் தேதி போடட்டும். விடுதலையானவருக்கு, கேட்காமலே, இழந்த ஆண்டுக் கணக்கில் இழப்பீடு கொடுக்கட்டும். மூன்றாவதை மட்டும் செய்தாலே முதல் இரண்டும் தானாக நடந்துவிடும் என்பது என் சந்தேகம். கஜானாவிலிருந்து பணம் போகும் என்றால் கையெழுத்துப் போடும் முன் அதிகாரிகள் காகிதத்தைப் படிப்பார்கள்.

ஆய்வுக்கட்டுரைக்கு எதைப் படிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஊபா 15ஆம் பிரிவையும் நியாய சன்ஹிதா 113ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1942 சூலூரை அதில் பொருத்திப் பார்த்து ஒரு பக்கம் எழுதுங்கள். அப்புறம் மைசூர்த் தீர்ப்பு, கோவைத் தீர்ப்பு இரண்டையும் எடுத்து, எந்தச் சாட்சியை எந்த நீதிபதி நம்பினார், எதை ஒதுக்கினார் என்று மட்டும் பட்டியல் போடுங்கள். வேலை அதிகம், ஆனால் யாரும் செய்யாத வேலை. கோவைத் தீர்ப்பைப் படித்துப் புரியாத இடம் வந்தால் கோர்ட் பக்கம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். இரண்டாம் சனிக்கிழமை மட்டும் வராதீர்கள், பூட்டியிருக்கும்.